மூன்று மணிக்குச் சுற்றும் கிரைண்டர்

அத்தியாயம் 9

இறந்துபோன வெல்டரின் பையிலிருந்து எடுத்த ஐந்து வட்டத் தகடுகளைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக அடுக்கிவிட்டு, சர்வேயர் அவற்றையே பத்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருப்பது ஹாரனுக்கு ஜெயில் தண்டனை. இருபது வருஷம் டாக்ஸி ஓட்டிய காலத்தில், வண்டியைவிட இவன் வாய்தான் அதிகம் ஒலிக்கிறது என்று கூட ஓட்டியவர்கள் வைத்த பெயர் அது. சர்வேயருக்கு உதவியாளாக வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது, வாயும் அடங்கவில்லை. சர்வேயர் என்பதும் அப்படி வந்த பெயர்தான். எரிந்துபோன குடோன்களையும் நசுங்கிய லாரிகளையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்த்து, யார் புளுகுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்த பெண்மணி. இப்போது அதே வேலையைத் தனியாக, கேட்டு வருகிற மனிதர்களுக்காகச் செய்கிறார்.

ஆனால் இந்த வீட்டில் ஹாரனுக்கே பேச்சு வரவில்லை. காரணம், எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர். முப்பத்து நாலு வயது, கட்டுமஸ்தான ஆள், முழங்காலில் நீளமாக ஒரு பழைய வெட்டுத் தழும்பு. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. மின்விசிறியைக்கூட நிறுத்தி வைத்திருந்தார்கள். அது சுற்றினால் அவன் எழுந்து வெளியே ஓடிவிடுகிறானாம்.

"பன்னெண்டு நாளா இதே கோலம்தான்," என்றாள் வெல்டரின் மனைவி. ஃபிட்டர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. "புருஷன் போயிட்டாரு. இவனையும் கொடுக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க. நேத்து அந்தக் கட்டடத்து வாசல்ல போய் நின்னிருக்கான். மேல ஏறணும், அத்தான் கூப்பிடறாருன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருக்கான். நல்ல மனுஷன், பிடிச்சு அனுப்பிட்டாரு. நாளைக்கும் பிடிப்பாரா?"

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டி முடியாத ஏழு மாடிக் கட்டடம். நாலாவது மாடியில், வெளிச் சுவர் இன்னும் எழும்பாத விளிம்பில், ஆள் விழாமல் இருக்க இரும்புக் கம்பித் தடுப்பு. மத்தியானம் மூன்று மணிக்கு, எல்லோரும் டீ குடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில், வெல்டர் அங்கிருந்து விழுந்தார். ஓடி வந்தவர்கள் பார்த்தது இரண்டு. தரையில் வெல்டர். இரண்டடி தள்ளி மணல் குவியல்மேல், முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய பேட்டரி கிரைண்டர், அலறிக்கொண்டு சுற்றியபடி. அது சமையலறையில் மாவரைக்கிற சமாசாரம் அல்ல. ஒயர் இல்லாமல், கையில் பிடித்து இரும்பை அறுக்கிற மெஷின்.

தடுப்பைக் கழற்றச் சொல்லியிருந்தேன், அறுக்கும்போது மெஷின் உதறியிருக்கும், தடுமாறி விழுந்துவிட்டார் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியவன் ஃபிட்டர். அந்த மெஷினைக் கடையில் தேர்ந்தெடுத்தவன் அவன்.

"நாலாவது மாடிக்குக் கரண்டு கிடையாது, அதனால பேட்டரி மெஷின் வாங்கலாம்னு போனோம்," என்றான் ஃபிட்டர். பஞ்சு அடைத்த காதோடு பேசியதால் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "அத்தான், கையை எடுத்தா நிக்கிற மெஷினா பார்ப்போம்னாரு. நான்தான் கேக்கல. நாள் முழுக்க சுவிட்சை அழுத்திப் பிடிச்சா கை கடுக்கும், ஒரு தடவை தள்ளிவிட்டா லாக் ஆகி ஓடற மாதிரி இருக்கே, இதையே எடுங்கன்னேன். பெரிய வீல், நல்ல வேகம்னேன். அவரு சரின்னுட்டாரு. அன்னிக்குச் சாயங்காலமே சைட்ல எல்லாருக்கும் போன் போட்டுப் பெருமையா சொன்னேன்."

அவன் கைகளைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்துக்கொண்டான்.

"கீழ விழுந்தும் அது நிக்கலீங்க. நான் ஓடிப்போய் பேட்டரியைப் பிடுங்கற வரைக்கும் நிக்கல. அவருக்கு உசிரு இருந்ததா இல்லையான்னு கேக்கவிடாம கத்திக்கிட்டே இருந்தது. இன்னும் நிக்கல."

வெல்டரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சர்வேயர் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு போய் ஃபிட்டரின் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"நீங்க எடுத்த மெஷின் எத்தனை இஞ்ச்?"

"அஞ்சு."

"இந்தக் கட்டிங் வீல்?"

தொழில்காரனின் கண் அது. தொடாமலேயே சொன்னான். "நாலு இஞ்ச். நடு ஓட்டை சின்னது. அதுல மாட்டாது." சொல்லி முடித்த பிறகுதான் அவன் நெற்றி சுருங்கியது.

"உங்க அத்தான் பையில இருந்தது. பாக்கெட்டை இப்பதான் நான் பிரிச்சேன்."

"அவரு அப்படி வாங்கற ஆளே இல்லீங்க. ஒரு போல்ட் வாங்கினாக்கூட நட்டை அங்கேயே மாட்டிப் பார்ப்பாரு."

"பையை யார் கொண்டுவந்து கொடுத்தது?" என்று மனைவியிடம் திரும்பினார் சர்வேயர்.

"சூப்பர்வைசர்தான். அழுக்குப் பை, உள்ள நான் பார்க்கக்கூட இல்ல."

"அன்னிக்குக் காலையில அவர் எப்ப கிளம்பினார்?"

"எப்பவும் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. தம்பி அன்னிக்கு மத்தியானம்தான் போறதா இருந்தது. என்ன இவ்வளவு சீக்கிரம்னு கேட்டேன். சிரிச்சாரு. தம்பிகிட்ட சொல்லாதேன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

ஹாரனுக்கு இனிமேல் தாங்காது. "மாட்டாத வீலை யாராவது வாங்குவாங்களா மேடம்? என் சம்சாரம் எனக்குச் சட்டை எடுக்கும்போதுதான் இப்படி நடக்கும். அதுவும் அவ ஒல்லியா இருந்த ஹாரனை மனசுல வெச்சுக்கிட்டு எடுக்கறது."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சர்வேயர் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மெச்சுதல் இருந்தது. "சரியா சொன்னே. மனசுல வேற ஒண்ணை வெச்சுக்கிட்டு எடுத்த வீல் இது. வண்டியை எடு. நாளைக்குக் காலையில அரசாங்க இன்ஸ்பெக்டர் சைட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டா, ஆள் கவனக்குறைவு, மெஷின் கோளாறுன்னு ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் இவர் காதுலேருந்து அந்தச் சத்தத்தை யாராலயும் எடுக்க முடியாது."

பாக்கெட்டின் பின்பக்கம் கடையின் ஸ்டிக்கர் இருந்தது. அதுதான் இவர்களிடம் இருந்த ஒரே துப்பு.

கடை ஒரு குறுகலான தெருவில் இருந்தது. சுவர் முழுக்க ஸ்பேனர்கள், சங்கிலிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் டிரில்லும் கிரைண்டரும். கடைக்காரர் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். வெல்டர் செத்த செய்தி அவருக்குத் தெரியாது. ஹாரன் சொன்னதும் ஆணியைத் தராசிலேயே விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்க ரெண்டு பேரையும் எப்படி மறப்பேன்," என்றார். "நாப்பது நிமிஷம். மெஷின் வாங்க வந்தாங்களா, பட்டிமன்றம் நடத்த வந்தாங்களான்னு ஆயிடுச்சு. கடையில நின்ன மத்த ஆளுங்களும் ஆளுக்கொரு கட்சி சேர்ந்துட்டாங்க."

"வெல்டர் எப்படித் தேர்ந்தெடுத்தார்?" என்றார் சர்வேயர்.

"எல்லாரும் வெறுங்கையால தூக்கிப் பார்ப்பாங்க. இவர் வீட்டுலேருந்து தன் கையுறையைக் கொண்டுவந்திருந்தார். வேலை செய்யற கையாலதான் வாங்கணும்னார். அட்டைப்பெட்டியில எடை போட்டிருக்கு, அது பேட்டரி இல்லாத எடை, அதை நம்பாதேன்னார். பேட்டரியை மாட்டித் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னார். ஏணியில நிக்கற மாதிரி ஒத்தைக் கால்ல வேற. ஒரு சார்ஜுல எத்தனை கம்பி அறுக்கும், வீலுக்கு மேல இருக்கற மூடி ஸ்பேனர் இல்லாம திரும்புமா, வீல் எந்தக் கடையிலயும் கிடைக்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தார். சின்னவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, எவ்வளவு வேகமா ஓடும்னு. பெரியவர் கேட்டது, எவ்வளவு சீக்கிரம் நிக்கும்னு."

"கடைசியில சின்னவர் சொன்னதுதான் ஜெயிச்சது."

"அன்னிக்குச் சாயங்காலம் ஜெயிச்சது," என்றார் கடைக்காரர். "மறுநாள் காலையில நான் ஷட்டரைத் தூக்கறேன், பெரியவர் வாசல்ல நிக்கிறார். பெட்டியோட. பிரிக்கவே இல்ல. மாத்திக் கொடுங்கன்னார்."

ஹாரன் கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிமேல் வைத்தான்.

கடைக்காரர் எழுந்து இரண்டு மெஷின்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே பச்சை நிறம், ஒரே பேட்டரி. ஒன்று ஐந்து இஞ்ச். கட்டைவிரலால் முன்னால் தள்ளினால் சுவிட்ச் அங்கேயே மாட்டிக்கொண்டது, மேஜையில் வைத்தாலும் ஓடியது. இன்னொன்று நாலு இஞ்ச். அடிப்பக்கத்தில் நீளமான சுவிட்ச், உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடியது. கடைக்காரர் பிடியைத் தளர்த்தினார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் வீல் செத்த மாதிரி நின்றது.

"உள்ளேயே பிரேக் இருக்கு. இதைத்தான் எடுத்துக்கிட்டுப் போனார். நாலு இஞ்ச் வீல் ஒரு பாக்கெட்டும் வாங்கினார்."

"ஏன் மாத்தினார்னு சொன்னாரா?"

சொன்னார் என்றார் கடைக்காரர். என்ன சொன்னார் என்பதையும் அவர் சொன்னார். கேட்டுவிட்டு ஹாரன் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். சர்வேயர் அந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் ஹாரனின் வாய் திரும்ப வந்தது. "மேடம், ஒரு சந்தேகம். கையை எடுத்தா நிக்கிற மெஷின், ஆள் கீழே கிடக்கும்போது மணல்மேல எப்படி அலறிச்சு?"

"அலறாது."

"அப்போ அலறினது யாரோடது?"

"அதை சைட்ல கேட்போம். அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு போன் போடு. தம்பியைக் கூட்டிக்கிட்டு மூணு மணிக்குள்ள கட்டடத்து வாசலுக்கு வரச் சொல்லு. காதுல பஞ்சு இருக்கக் கூடாது."

ஹாரன் பிரேக்கை மிதித்தான். "மேடம், நேத்து அவன் மேல ஏறப் பார்த்த ஆளு. கொண்டுபோய் அங்கேயே விடறீங்களே, நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"நான் போய்ச் சொன்னா தலையாட்டுவான், நம்பமாட்டான். பன்னெண்டு நாளா காதால கேட்டதைக் காதாலதான் அழிக்கணும். அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு இருப்பா. போடு போனை. அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒண்ணு."

இரண்டேகாலுக்குக் கட்டடத்து வாசலில் வாட்ச்மேனைப் பிடித்தார்கள். மேலே போக வேண்டும் என்றதும் அந்த மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

"மூணாவது மாடிக்கு மேல யாரும் போறதில்லீங்க. எட்டு நாளா. சரியா மூணு மணிக்கு, எல்லாரும் இங்க டீ குடிக்கிற நேரத்துல, மேல கிரைண்டர் ஓடுது. பத்து நிமிஷம். அப்புறம் அடங்கிடும். அந்த மாடிக்குக் கரண்டு இல்ல. விழுந்த மெஷின் போலீஸ்கிட்ட இருக்கு. பின்ன யாரு ஓட்டறது? ரெண்டு பெயின்டருங்க சொல்லாம கொள்ளாம வேலையை விட்டே போயிட்டாங்க."

"அன்னிக்கு மணல்மேல கேட்ட அதே சத்தமா?"

வாட்ச்மேன் யோசித்தார். "இல்லீங்க. அது ஒரே அலறல். இது கொஞ்சம் அறுக்கும், சட்டுனு நிக்கும். மறுபடி அறுக்கும், நிக்கும். விக்கி விக்கி அழற மாதிரி."

சர்வேயரின் கண் ஒரு கணம் ஹாரனைத் தொட்டுத் திரும்பியது. "சைட்ல வேற பேட்டரி மெஷினே கிடையாதா?"

"கம்பெனி மெஷின் ஒண்ணு ஸ்டோர்ல இருந்தது. பச்சைக் கலரு. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கறதா சூப்பர்வைசர் சொன்னாரு. ஸ்டோர் சாவி அவர்கிட்டதான்."

"எப்பலேருந்து ரிப்பேர்?"

"அது ஆச்சு, ஒரு பன்னெண்டு நாளு," என்ற வாட்ச்மேன், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, வாயைத் திறந்தபடி நின்றார்.

மூன்றாவது மாடிப் படியின் குறுக்கே யாரோ கயிறு கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டிக் குனிந்து போகும்போது ஹாரனின் கால் கொஞ்சம் தயங்கியது. அவன் பேயை நம்புகிறவன் அல்ல. ஆனால் நம்பாதவன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கமாட்டான்.

நாலாவது மாடியில் தூசி, காற்று, வெறும் தூண்கள். போன வேகத்தில் போட்டது போட்டபடி கிடந்தது. காய்ந்துபோன சிமென்ட் சட்டி, ஒற்றைச் செருப்பு, பாதி டீயோடு பூஞ்சணம் பிடித்த கிளாஸ். ஒரு தூணில் அடித்த ஆணியில் வெல்டரின் முகக்கவசம் தொங்கியது. அதன் கறுப்புக் கண்ணாடி நேரே ஹாரனைப் பார்த்தது. அவன் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தான். காற்று அடித்தது, அது மெதுவாக மறுபடி அவன் பக்கமே திரும்பியது.

"மேடம், இவருக்கு என்மேல ஏதோ கோபம்."

"பேசாம இங்க பாரு."

விளிம்பு ஓரமாகத் தடுப்புக் கம்பியின் கால்கள் நட்டிருந்த இடங்கள் வரிசையாகத் தெரிந்தன. தடுப்பு இப்போது கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு கால் இருந்த இடத்திலும், தரையில் பதித்த இரும்புத் தகடு புதுசாகத் தேய்த்து பளபளவென்றிருந்தது. கடைசி மூன்று கால்கள் மட்டும் பாக்கி. சர்வேயர் மண்டியிட்டு அவற்றின் அடியைப் பார்த்தார். சுற்றிலும் பிடித்திருக்க வேண்டிய வெல்டிங், இரண்டே இரண்டு பொட்டு. மேலே பெயின்ட் பூசி மறைத்திருந்தது. பக்கத்தில் தரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி, சாக்பீஸால், அழுத்தி.

"இது வெல்டர் போட்ட குறி," என்றார் சர்வேயர் மெல்ல. "இது பிடிக்காது, இது பிடிக்காதுன்னு ஒவ்வொண்ணா குறி போட்டிருக்கார். மத்ததையெல்லாம் ஒருத்தர் தேய்ச்சு அழிச்சிட்டார். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், எட்டு நாள். இன்னிக்கு மூணு கால்தான் பாக்கி. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றார்."

இருவரும் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கீழே டீக்கு மணி அடித்தது. பேச்சுக்குரல்கள் வாசல் பக்கம் நகர்ந்து தேய்ந்தன. கட்டடம் முழுக்க ஆள் இல்லாத ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. ஹாரனுக்குத் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது.

பிறகு பின்பக்கச் சாரத்தில் காலடி. முகத்தில் துண்டு கட்டிய உருவம் ஒன்று ஏறி வந்தது. மூலையில் கிடந்த தார்ப்பாயைத் தூக்கி, அடியிலிருந்து பச்சை மெஷினை எடுத்தது. விளிம்பருகே முதுகைக் காட்டி மண்டியிட்டது. சத்தம் ஆரம்பித்தது.

அறுத்தது. நின்றது. அறுத்தது. நின்றது. தீப்பொறி தூணில் அடித்துச் சிதற, முகக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பட்டு அணைந்தது. ஹாரனின் கை தானாகச் சர்வேயரின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அவன் பிற்பாடு ஒப்புக்கொள்ளவே இல்லை.

சர்வேயர் எழப் போனார். அதற்குள் படிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தான்."

அது திட்டத்தில் இல்லாதது. வாசலில் நிற்கச் சொன்ன ஃபிட்டர், சத்தம் கேட்டதும் அக்காவையும் இழுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி ஏறி வந்துவிட்டான். படியின் கடைசிக் கட்டில் நின்று, தீப்பொறியைப் பார்த்து, குழந்தை கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான். "அத்தான், நான் வந்துட்டேன்."

எட்டு நாளாக ஊரையே மிரட்டிய ஆளுக்கு, இறந்தவரை உறவு சொல்லி அழைத்த அந்த ஒரு குரல் முதுகில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. உடம்பு தூக்கிப் போட்டது. கையிலிருந்த மெஷின் நழுவித் தரையில் விழுந்தது.

விழுந்தது, ஒரு தரம் புரண்டது, நின்றது.

அவ்வளவுதான். அலறல் இல்லை, சுழற்சி இல்லை. காற்றில் முகக்கவசம் தூணில் தட்டுகிற சத்தம் மட்டும்.

ஃபிட்டர் அந்த மெஷினையே பார்த்தான். காத்திருந்தான். அது மறுபடி கத்தும் என்று பன்னிரண்டு நாள் பழக்கத்தில் அவன் இரண்டு கைகளும் காதுக்குப் போயின, பாதி வழியில் நின்றன.

"நின்னுடுச்சு," என்றான். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, அது நின்னுடுச்சு."

ஹாரன் போய்த் துண்டை உருவினான். சூப்பர்வைசரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "பேயாரே, டீ ஆறிப்போகுது," என்றான் ஹாரன். குரலில் கிண்டல் இருந்த அளவுக்குக் கையில் மென்மை இல்லை.

"இது யாரோட மெஷின்?" என்றார் சர்வேயர்.

சூப்பர்வைசர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளப் பார்த்தார்.

"நான் சொல்றேன். இது வெல்டருடையது. நீங்க கீழே ஓடவிட்டது ஸ்டோர்ல இருந்த கம்பெனி மெஷின். முந்தின நாள் சாயங்காலம், இந்தத் தம்பி தான் எடுத்த பெரிய மெஷினைப் பத்தி போன்ல சைட்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டார். அதே மாதிரி ஒண்ணு உங்க கைவசம் இருந்தது. சுவிட்சைத் தள்ளி, மணல்மேல வெச்சீங்க. அவர் காலையில வேற மாத்திக்கிட்டது அப்ப உங்களுக்குத் தெரியாது. மேல நின்னு அவர் மெஷினைத் தேட நேரமும் இல்ல, ஸ்டோர்தான் கீழே பக்கத்துல இருந்தது. நாலு மாடி விழுந்த மெஷின் மணல்ல விழுந்ததால உடையலன்னு எழுதிக் கொடுத்தீங்களே, கூடவே விழுந்த மனுஷன் ஏன் ரெண்டடி தள்ளித் தரையில கிடந்தார்னு உங்களுக்கே தோணலையா?"

"அந்த மெஷின் போலீஸுக்குப் போயிடுச்சு," என்று முனகினார் சூப்பர்வைசர். "இங்க அறுக்கறதுக்கு வேற மெஷின் இல்ல. இவரோடது இங்கேயே கிடந்தது."

"எதுக்கு அறுக்கணும்?"

தரையைப் பார்த்தபடி அவர் சொன்னார். "வேலையை முடிக்கச் சொல்லி மேலேருந்து நெருக்கினாங்க. ரெண்டு பொட்டு வெச்சாப் போதும், அப்புறம் முழுசா பத்த வெச்சுக்கலாம்னு பெயின்ட் அடிச்சிட்டேன். அன்னிக்கு இவர் பார்த்துட்டார். சத்தம் போட்டார். டீ குடிச்சிட்டு ஆளுங்க மேல வந்தா யாராவது சாய்ஞ்சிடுவாங்க, அதுக்குள்ள கயிறு கட்டி மறிக்கிறேன்னு இந்தப் பக்கம் போனார். பிடிச்ச தடுப்புக் கம்பி பேர்ந்து சாய்ஞ்சிடுச்சு, அவர் விழுந்துட்டார். கையில மெஷின் இல்ல. கயிறுதான் இருந்தது."

வெல்டரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். அழுதாள், சத்தமில்லாமல். கீழே போலீஸ் ஜீப் வந்து நிற்கிற ஓசை கேட்டது. சூப்பர்வைசர் எழுந்திருக்கப் பார்த்தார். ஹாரன் கை கொடுத்துத் தூக்கினான்.

ஃபிட்டர் மட்டும் அசையவில்லை. "மாத்திட்டாரா," என்றான். "நான் எடுத்தது அவருக்குப் பிடிக்கல. என்கிட்ட சொல்லாமலே மாத்திட்டாரு."

சர்வேயர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை ஹாரனிடம் நீட்டினார். "நீ படி. உன் வாய்க்கு இன்னிக்கு ஒரு நல்ல வேலை."

ஹாரன் அதை வாங்கிக்கொண்டான். கடைக்காரர் சொன்னதை, கடைக்காரர் சொன்ன மாதிரியே படித்தான்.

"'என் மச்சினனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஓடற மெஷினை அப்படியே கீழ வெச்சுட்டுப் பேச ஆரம்பிச்சிடுவான். ஒரு தடவை முழங்காலைக் கிழிச்சுக்கிட்டான், அப்பவும் புத்தி வரல. இந்த மெஷின்ல என்னைவிட அவன் கைதான் அதிகம் படும். அவன் கையை எடுத்தா நிக்கிறதா கொடுங்க. ஆசையா எடுத்தான், தோத்த மாதிரி அவனுக்குத் தெரிய வேண்டாம். நாள் பார்த்து நானே சொல்லிக்கறேன்.'"

ஃபிட்டர் குனிந்து தன் முழங்கால் தழும்பைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவன் அழுத அழுகை மூன்று மாடிக்கும் கேட்டது. கீழே டீ கிளாஸோடு நின்ற ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் இந்தத் தடவை யாரும் பயந்து ஓடவில்லை.

போலீஸ் மெஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது. மூன்று கால்களையும் மூன்று சாக்பீஸ் குறிகளையும் படம் பிடித்தார்கள். முகக்கவசத்தை மட்டும் கேட்டு வாங்கி, ஹாரனே வெல்டரின் மனைவி கையில் கொடுத்தான்.

வீட்டில் கொண்டுவந்து விட்டபோது மணி ஆறு. ஃபிட்டர் சட்டையைக் கழற்றிவிட்டு, காலையில் உட்கார்ந்திருந்த அதே சுவரோரம் கால் நீட்டிப் படுத்தான். அக்கா அவனுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். சர்வேயரும் ஹாரனும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "வேர்க்குது. ஃபேனைப் போடு."